எங்க வீட்டுல ஸ்டார் ஏறாது

இங்கன உக்காந்தா நடுப்பாதை முழுசும் தெரியும், மேடை தெரியும், அவசரம்னா எந்திரிச்சு ஓட மூணு எட்டுதான். பிள்ளை நடிக்கிற நாடகத்தைப் பாக்க வந்தவ எவளாவது ஓடுறதுக்கு வழி பாத்து இடம் பிடிப்பாளா? நான் பிடிப்பேன். எட்டு வருஷமா இப்படித்தான், பஸ்ஸுல, கல்யாண வீட்டுல, ஸ்கூல் மீட்டிங்ல, எங்க போனாலும் அக்சாவுக்கும் எனக்கும் நடுவுல எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் உக்காருவேன். நாலரைக்கு நாடகம்னு வேதமணி மைனி சொன்னாங்க. மணி நாலே முக்கால். ஐயர், அதான் இந்தக் கோயில் குருவானவரு, இன்னும் வரலையாம், ஐயர் வந்து ஜெபம் பண்ணாம ஆரம்பிக்க மாட்டாங்களாம். நாங்க இப்பப் போற சபையில பாஸ்டர் யோபு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பாளையங்கோட்டைக்காரங்களைப் பாருங்க, போறது கோயிலு, நடத்துறது ஐயரு, மணியடிக்கிறது கோயில்பிள்ளை, இதுல கிறிஸ்து எந்த மூலையில நிக்காருன்னு தேடித்தான் பாக்கணும்பாரு. நாங்க அம்புட்டுப் பேரும் சிரிப்போம். நான் கொஞ்சம் கூடவே சிரிப்பேன், ஏன்னா குழந்தையில எனக்குத் தண்ணி தெளிச்சுப் பேர் வச்சதே இந்தக் கோயில்லதான், கூடச் சிரிச்சாத்தான் நம்புவாங்க. இப்ப டிசம்பர் இருபத்தி நாலு, அதே கோயில்ல, அஞ்சாவது பெஞ்சு ஓரத்துல, முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்பாங்க. எனக்கு மடி, நெஞ்சு, வயிறு எல்லாத்துலயும் கனம். எவளாவது ஒருத்தி போன்ல படம் எடுத்து, அது சுத்திச் சுத்தி வள்ளியூருக்குப் போயி, அங்க உபவாச ஜெபத்துல முழங்கால்ல நிக்கிற இவங்க கண்ணுல பட்டுதுன்னா? இவங்கன்னா என் வீட்டுக்காரங்க, தனசிங். ஊரெல்லாம் கேக் வெட்டுற மூணு நாளும் எங்க சபை சாப்பிடாம ஜெபம் பண்ணும். காலையில பஸ் ஏறும்போது எனக்கு லேசாக் காய்ச்சல்னு சொன்னேன். நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, சுடலையேன்னாங்க. உள்காய்ச்சல்னேன். உள்காய்ச்சலாம்! பொய் சொல்லக்கூட ஒழுங்காத் தெரியல. அதையும் நம்பினாங்க, பிள்ளையைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டு ஏறிட்டாங்க.

பாக்காம என்ன செய்யேன். ஐயர் அங்கி மாட்டுற வெஸ்ட்ரி ரூம் கதவையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்குள்ளதான் அக்சாவுக்கு வேஷம் போடுறாங்க. பன்னெண்டு வயசு, ஓணான் மாதிரி நீளமா வளந்து நிக்கா. மரியாள் இல்ல, மேய்ப்பன் இல்ல, தேவதூதன் இல்ல, நட்சத்திரம். மூங்கில் கம்பு நுனியில வெள்ளைத் தாள் ஒட்டின நட்சத்திரம், உள்ள பேட்டரி பல்பு, அதைத் தூக்கிக்கிட்டு மேற்கு வாசல்லருந்து மேடை வரைக்கும் இவ முன்னால நடக்கணும், பாலன் இயேசுவைத் தேடி வந்த மூணு சாஸ்திரிகளும் பின்னால வரணும். அவ்வளவுதான். வசனம் ஒண்ணும் கிடையாது. மூணு மணிக்கே கூட்டிட்டு வந்து மைனிட்ட விட்டேன். மைனின்னா இவங்க கூடப்பிறந்த அக்கா, சண்டே ஸ்கூல் டீச்சரு, நாங்க கோயிலை விட்டதுலருந்து தம்பி கூடப் பேசாதவங்க, என்கூட மட்டும் மார்க்கெட்ல நின்னு பேசுவாங்க. மைனி, அந்த லைட்டு மினுக்காதுல்லான்னு கேட்டேன். ஏட்டி எப்சி, நூறு தரம் கேட்டுட்ட, மினுக்காது, நின்னு எரியும், நானே கடைக்குப் போயி வாங்கினதுன்னாங்க. மேடையிலன்னேன். மேடையிலயும் மினுக்குறது போடக்கூடாதுன்னு லைட்டுக்காரன்ட்ட சொல்லியாச்சு, நீ முதல்ல மூச்சு விடுன்னாங்க. மூச்சு விட்டேன். வெளிய வந்து பாத்தா மேடை வளைவுல ஒருத்தன் ஏணி போட்டு நிக்கான், தோள்ல பச்சை வயரு, அதுல சின்னச் சின்னப் பல்பு. தம்பி, இது மினுக்குமான்னு கேட்டேன். மினுக்காமயா, ஓட விட்டா அப்படியே ஓடும்லா அக்கா, எட்டு மாதிரி ஓடும்னு பெருமையாச் சொல்லுதான். ஓட விடாதீங்க தம்பின்னேன். டீச்சர் சொல்லிட்டாங்கக்கா, நாடகம் முடிஞ்சு கடைசியிலதான்னான். கடைசின்னா எது கடைசி? சாஸ்திரிகள் வந்தாச்சுன்னா நாடகம் முடிஞ்ச மாதிரிதானே? அப்ப நட்சத்திரம் மேடையிலதானே நிக்கும்? திரும்பப் போயி மைனிட்ட கேக்கலாம்னா, ஏற்கனவே நூறு தரம். நூத்தியோராவது தரம் கேட்டா கோட்டி, கிறுக்குன்னு நினைப்பாங்க. நினைச்சா நினைக்கட்டும்னு எந்திரிச்சேன், அப்பப் பாத்து ஐயர் உள்ள வந்துட்டாங்க, எல்லாரும் நிக்காங்க, நானும் நின்னேன், ஜெபம், உக்காந்தேன்.

அன்னைக்கும் மினுக்கினதுதான். நாலு வயசு அக்சாவுக்கு. இருபத்தஞ்சாம் தேதி மத்தியானம், கோயில் முடிஞ்சு வந்தாச்சு, அடுப்புல ஆட்டுக்கறி கொதிக்குது, இவ புதுக் கவுனு போட்டுக்கிட்டு குடில் முன்னால சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. குடில்னா வைக்கோலும் செய்தித்தாள்ல செஞ்ச மலையும்தான், சுத்தி சீரியல் செட்டு, சிவப்பு பச்சை சிவப்பு பச்சைன்னு விடாம ஓடும். சாப்பிட வாட்டின்னு கூப்பிட்டேன். திரும்பல. எம்புட்டு ஆசையாப் பாக்குது பாரேன்னு சந்தோஷப்பட்டேன். அதை நினைச்சாத்தான் இப்பவும் என்னை நானே அறையணும் போல இருக்கும். கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு நின்னு ரசிச்சேன்! இடது கை சுண்டுவிரல் தனியாத் துடிச்சது. அப்புறம் கை. அப்புறம் கண்ணு மேல சொருகி, பல்லு கிட்டி, பிள்ளை மலை மேலயே சரிஞ்சிட்டா, செய்தித்தாள் மலை நசுங்குன சத்தம் கூட எனக்குக் கேக்குது. ஆஸ்பத்திரியில உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. வராண்டாவுல இவங்க முழங்கால் போட்டாங்க. எனக்கு அப்பத் தெரியாது ஏன் இப்படி நடுங்குறாங்கன்னு. ராத்திரியெல்லாம் அழுது அழுது சொன்னாங்க. மூணு நாள் முன்னால பஸ் ஸ்டாண்டுல பாஸ்டர் யோபு கையில ஒரு துண்டுச்சீட்டு குடுத்திருக்காரு, கிறிஸ்துமஸ் யாருடைய பண்டிகைன்னு. இவங்க வாங்கிப் படிச்சுச் சிரிச்சிருக்காங்க. வீட்டு மாடியில ஸ்டார் கட்டும்போது பல்பு ஹோல்டர் லூசா ஆடிச்சாம், அந்தச் சீட்டை எட்டா மடிச்சு ஹோல்டர் இடுக்குல அடைகுடுத்து பல்பை மாட்டியிருக்காங்க. கர்த்தர் சொன்ன எச்சரிப்பைக் கொண்டு போயி ஸ்டாருக்கே அடைகுடுத்திருக்கேனே எப்சின்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அந்த வராண்டாவுல பண்ணின பொருத்தனைதான், ஆண்டவரே, இந்தப் பிள்ளையைத் திருப்பிக் குடுத்திடும், இனி எங்க வீட்டுல ஸ்டார் ஏறாது. காலையில பிள்ளை கண்ணு முழிச்சு இட்லி கேட்டா. இவங்க நேரா வீட்டுக்குப் போயி ஸ்டாரைக் கிழிச்சாங்க, உள்ளருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பிரிச்சுத் தடவி வேதப்புஸ்தகத்துக்குள்ள வச்சாங்க. பல்பு சூட்டுல ஒரு மூலை பழுத்துப் போயிருந்துச்சு.

அந்தச் சீட்டை நானும் எத்தனையோ தரம் படிச்சாச்சு. ரோமாபுரியில சூரியனைக் கும்பிட்டவங்களுக்கு டிசம்பர் கடைசியில பெரிய திருவிழாவாம், அதை மாத்தி இயேசு பிறந்தநாளாக்கிட்டாங்களாம். வேதத்துல தேதியே கிடையாதாம். குளிர்காலத்துல எந்த மேய்ப்பன் ராத்திரி வயல்ல கிடப்பான்னு ஒரு கேள்வி. மரத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்து சோடிக்கிறது காட்டுச்சாமி கும்பிட்டவங்க பழக்கமாம். ஈஸ்டர் முட்டை ஏதோ ஒரு அம்மனுக்காம். விசுவாசி இதைக் கொண்டாடலாமான்னு கடைசியில கொட்டை எழுத்துல கேட்டிருக்கும். கொண்டாடக் கூடாதுன்னுதான் நாங்க நிறுத்தினோம். முதல்ல ஸ்டாரு, அப்புறம் குடிலு, கேக்கு, அப்புறம் அந்த வாரம் முறுக்கு சுத்துறது கூட. நிறுத்தினதும் மனசு துடைச்ச மாதிரி ஆச்சு, பொய் சொல்லல, ஆச்சு. ஆனா எனக்கு இந்தப் பாழாப்போன மண்டை இருக்கே, அது ஒரு இடத்துல நிக்காது. புதுச்சேலை மூலையில மஞ்சள் வைக்கிறோமே, அது யாரு பழக்கம்? கழுத்துல தாலி? அதுல புறா போட்டுட்டா ஆச்சா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைங்கிறோமே, ஞாயிறுன்னா யாரு, சூரியன்தானே? ரோமாபுரிக்கு ஏன் போகணும், வாராவாரம் அவரு பேர்ல உள்ள நாள்லதானே கூடுறோம்? ஒருநாள் வாய் தவறி பாஸ்டர்ட்டயே கேட்டுட்டேன். சகோதரி, யோசிக்கிறது பிசாசுக்குக் கதவு திறக்கிறதுன்னாரு. அவரு சபை கட்டும்போது வடகிழக்கு மூலையிலதான் கிணறு வெட்டினாரு, வாஸ்துவான்னு இவங்களே கேட்டதுக்கு, தண்ணி அங்கதானப்பா இருந்துச்சுன்னாரு. தண்ணி அங்க இருக்கலாம். எனக்கென்ன தெரியும். எதைத் தொட்டாலும் அடியில ஏதோ ஒரு சாமி உக்காந்திருக்கு, எதை எடுத்தா எது கோவப்படும்னு தெரியாம வீட்டுக்குள்ள காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடக்கேன். பக்கத்து வீட்டு இசக்கியம்மா மகனுக்கு மஞ்சக்காமாலை வந்து இறங்குனதும் கோயிலுக்குப் போயி முடி இறக்கிட்டு வந்தா. அவ முடியைக் குடுத்தா, நம்ம ஸ்டாரைக் குடுத்தோம், என்ன வித்தியாசம்னு இவங்கட்ட கேட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. அதுக்கப்புறம் நான் கேக்குறதில்ல, உள்ளேயே வச்சுக்கிடுறேன்.

உள்ளேயே வச்சது அது மட்டுமா. மேடையில மரியாள் வந்தாச்சு, தேவதூதன் ரெக்கை ஒண்ணு சரியுது, எல்லாரும் சிரிக்காங்க, நான் மாத்திரையை நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த மாத்திரையை இவங்க ஒரு வாரத்துல நிறுத்தினாங்க. பொருத்தனை பண்ணிட்டு மாத்திரையும் குடுத்தா ஆண்டவரை நம்பலைன்னு ஆகும்னாங்க. பன்னெண்டாம் நாள் மறுபடியும் சுண்டுவிரல் துடிச்சது. நான் மட்டும்தான் பாத்தேன். யார்ட்டயும் சொல்லல. மறுநாள் தையல் நூல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு டாக்டரம்மாட்ட ஓடினேன். அவங்க ஏசினாங்க பாருங்க, நான் நின்னு அழுதேன். சில பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மினுக்குற வெளிச்சம் ஆகாதும்மா, அதைத் தள்ளி வைங்க, மாத்திரையை ஒரு வேளை கூட விடாதீங்க, ரெண்டும் வேணும்னாங்க. அன்னையிலருந்து ஏழு வருஷம், காலையில பாதி, சாயங்காலம் பாதி, தையல் மிஷின் டிராயர்ல ஊக்கு டப்பாவுக்கு அடியில. அக்சாட்ட சத்து மாத்திரைன்னு சொன்னேன். ஒருநாள் அவளே கேட்டா, எம்மா, சத்து மாத்திரைய ஏன் அப்பா இல்லாதப்ப மட்டும் தாரன்னு. அப்பவே தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. நுணலும் தன் வாயால கெடும்பாங்க, நான் கெட்டது சாட்சி சொல்லித்தான். வருஷா வருஷம் டிசம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை சபையில பிள்ளையை எழுப்பி நிக்க வச்சு, ஸ்டாரை இறக்கினோம், கர்த்தர் வியாதியை இறக்கினாரு, ஒரு மருந்து கிடையாதுன்னு மைக்ல சொல்லுவேன். அல்லேலூயான்னு கை தட்டுவாங்க. அஞ்சாவது வருஷம் சாராள்னு ஒருத்தி, மடியில ரெண்டு வயசுப் பையன், தனியா வந்து கையைப் பிடிச்சா. அக்கா, நிஜமாவே மருந்து குடுக்கலையா, இவனுக்கும் இதேதான், எனக்கு மட்டும் சொல்லுங்கன்னா. இவங்க நாலடி தள்ளி நிக்காங்க. ஜெபம்தாம்மா, ஜெபம் மட்டும்தான்னேன். அடுத்த மாசம் அவங்க தூத்துக்குடிக்கு வீடு மாறிப் போயிட்டாங்க. அந்தப் பையனுக்கு இப்ப அஞ்சு வயசு இருக்கும். இருக்கும். இருக்கணும். யார்ட்டயாவது நம்பர் வாங்கிக் கேக்கலாம். கேக்கப் பயமா இருக்கு. நடு ரோட்டுல காய்கறி வாங்கிக்கிட்டிருக்கும்போது திடீர்னு அவ கை என் கையைப் பிடிக்கும், திரும்பிப் பாப்பேன், யாரும் இருக்க மாட்டாங்க.

ஜூன் மாசம் டாக்டரம்மா, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, இனி வேண்டாம், ஆனா கொஞ்ச நாள் கவனமா இருங்கன்னுட்டாங்க. கோயில் மணி அடிக்கிற மாதிரி சந்தோஷம் வரணும்லா? நான் வெறும் டிராயரைத் திறந்து திறந்து பாத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கே வீட்டுல சாட்சியைப் பத்தி ஆரம்பிச்சுட்டா அக்சா. எம்மா, இந்த வருஷம் என்னைய எழுப்பி நிக்க வைக்காத. ஏன்டி. நான் என்ன கண்காட்சிப் பொருளான்னா. நவம்பர்ல மைனி மார்க்கெட்ல நட்சத்திரத்துக்கு உயரமா ஒரு பிள்ளை வேணும்னு சும்மா சொல்லப்போக, இவ பக்கத்துல நின்னு, நான் தூக்குறேன் அத்தைன்னுட்டா. வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. எம்மா, ஒரே ஒரு தடவை. என் கிளாஸ்ல அம்புட்டுப் பேரும் தூக்கியிருக்காங்க. நான் மட்டும்தான் டிசம்பர்ல ஜன்னல் சாத்துன வீடு. அப்பா கொன்னுருவாங்கடின்னேன். அப்பாவுக்குத் தெரியாம நீ எனக்கு எத்தனை குடுத்திருக்கன்னா. சரின்னுட்டேன். ஏன் சரின்னேன்? பிள்ளைக்காகவா? அது மட்டும்னா நான் ஏன் நேத்துக் கனவுல கேக் வாசனையை மோந்துக்கிட்டு அழுதேன்? எனக்கும் ஆசை, வெக்கங்கெட்ட ஆசை, இருவது வருஷம் இந்த மேடையில நானும்தானே பாடினேன். இப்பப் பாரு, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா, மாத்திரையையும் விட்டாச்சு, பொருத்தனையையும் உடைச்சாச்சு, ஒரே வருஷத்துல. எட்டு வருஷமா எது காப்பாத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதுவோ இதுவோ, ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும்னு ரெண்டையும் பிடிச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு ரெண்டு கையும் காலி. இதுல இவ தூக்குறது என்ன, ஸ்டாரு. இறக்குறேன்னு சொன்ன அதே ஸ்டாரு. ஏசப்பா, அடிக்கிறதுன்னா என்னைய அடியும், பொய் சொன்னது நான், சாராள்ட்ட சொன்னது நான், பிள்ளை ஒண்ணும் பண்ணல.

உங்க பிள்ளை என்ன வேஷம்னு பக்கத்துல உள்ள அம்மா கேக்காங்க, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு. நட்சத்திரம்னேன். நல்ல வேஷம், வசனம் மறக்காதுன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், உதடு ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. மேடையில மேய்ப்பர்கள் வந்தாச்சு, ஒருத்தன் தலையில இவங்க கட்டுற மாதிரியே ஈரிழைத் துண்டு. அடுத்து சாஸ்திரிகள்தான். போன வாரம் ஒத்திகை முடிஞ்சப்ப மைனிட்ட மெதுவாக் கேட்டேன், மைனி, நட்சத்திரம் நம்ம சாமி சம்பந்தப்பட்டதுதானா, இல்ல அதுவும் வேற சாமிக்கு உள்ளதான்னு. மைனி சுண்டல் மென்னுக்கிட்டே சொன்னாங்க. ஏட்டி, அந்தச் சாஸ்திரிகள் யாருன்னு நினைச்ச? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறவங்களா? வானத்தைப் பாத்துப் பலன் சொல்ற ஆளுங்க, நம்ம ஊரு ஜோசியக்காரன் மாதிரி. எருசலேம்ல வேதம் படிச்ச பெரிய மனுஷன் அம்புட்டுப் பேரும் வீட்டுல தூங்கும்போது இவனுங்கதான் ஒட்டகத்தைப் பூட்டிக்கிட்டு வந்து கும்பிட்டானுங்க. அந்தப் பாலகன், நீங்க கும்பிட்டது வேற சாமி, வெளிய போங்கன்னா சொல்லுச்சு? உன் புருஷன் அங்க இருந்திருந்தா ஒட்டகத்தை வாசல்லயே திருப்பி விட்டிருப்பான்னாங்க. தம்பி மேல உள்ள எட்டு வருஷக் கோவத்தைச் சுண்டலோட சேத்து மென்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்கு வந்து பயம் வந்துச்சு. மைனி சொன்னா சரியாத்தான் இருக்கு, இவங்க சொன்னாலும் சரியாத்தான் இருக்கு, பாஸ்டர் சொன்னாலும் அந்த நேரத்துக்குச் சரியா இருக்கு. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு எம்புட்டு நாள்தான் நிக்க. இவங்க பொய்க்கு முழங்கால் போடல. முட்டி ரெண்டும் காய்ச்சுப் போயி, பஸ் படி ஏறும்போது முனங்குவாங்க. அந்த முட்டியை நினைச்சா எனக்கு இங்க உக்காரவே கூசுது.

லைட்டை அணைச்சாச்சு. வெளிய மழை மூட்டம், கோயிலுக்குள்ள அந்திக்கருக்கல் ஆயிட்டு. மேற்கு வாசல் திறக்குது. ஆண்டவரே. உயரத்துல வெள்ளையா, நின்னு எரியுது. மினுக்கல. மைனி சொன்ன மாதிரியே மினுக்கல. அதுக்குக் கீழ என் பிள்ளை, மைனி வீட்டு வெள்ளைப் பாவாடை, தலையில வெள்ளித்தாள், கம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, அடி அடியா வாரா. பாத்து நட. பாத்து நட மக்களே. கைய விட்டுராத. இடது கை மேலயா கீழயா? கீழ. சுண்டுவிரல் தெரியல, கம்புக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவ மூஞ்சியை எட்டிப் பாக்கேன், சிரிக்காளா? சிரிக்கா. இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, சபையில எழுப்பி நிக்க வைக்கும்போது இந்தச் சிரிப்பு எங்க போச்சு. பன்னெண்டாவது பெஞ்சு தாண்டிட்டா, பதினொண்ணு, பத்து. பின்னால சாஸ்திரிகள் மூணும் தாடியைப் பிடிச்சுக்கிட்டு வருது. ஒன்பது. எட்டு. அப்பத்தான் மேடை வளைவு முழுக்க சடார்னு சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. சண்டாளன். ஓட விட்டுட்டான். கடைசின்னானே, எது கடைசின்னு அப்பவே எனக்குத் தோணுச்சே, நூத்தியோராவது தரம் கேட்டிருக்கணும்லா, கோட்டின்னு சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போச்சு. எல்லாரும் ஓன்னு கத்துறாங்க, கை தட்டுறாங்க. அக்சா நின்னுட்டா. ஏழாவது பெஞ்சுக்கு நேரா, அப்படியே நின்னுட்டா. சிரிப்பு போச்சு. நட்சத்திரம் ஒரு பக்கமாச் சரியுது. மூஞ்சி மேல சிவப்பும் பச்சையும் ஓடுது, கண்ணு இமைக்கல, வாய் லேசாத் திறந்திருக்கு, அதே மாதிரி, அதே மாதிரியேதான். எப்ப எந்திரிச்சேன்னு தெரியல. பக்கத்து அம்மா மேல இடிச்சு, முக்காடு விழுந்து, நடுப்பாதைக்கு ஓடி அவ முழங்கையைப் பிடிச்சுட்டேன். அக்சா, ஏட்டி அக்சா, அம்மாவைப் பாரு, அணைங்கப்பா அதை, அணைச்சுத் தொலைங்கன்னு கத்துறேன். மேடையிலருந்து மைனியும் கத்துறாங்க. லைட்டுக்காரன் எந்த வயரை உருவுறதுன்னு தெரியாமத் தடவுதான். கோயில் முழுக்க என்னையப் பாக்குது. யாரோ, தனசிங் பொண்டாட்டில்லாங்காங்க.

எம்மா, விடு. குரல் தெளிவா இருக்கு. கண்ணு என்னையப் பாக்குது, நேரா, தண்ணி முட்டிக்கிட்டு. எம்மா, எனக்கு ஒண்ணுமில்ல, நான் லைட்டைப் பாக்கல, உன் மூஞ்சியப் பாத்துத்தான் நின்னுட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுதா, பின்னால உள்ள சாஸ்திரிகளுக்குக் கூடக் கேக்கக் கூடாதுன்னு. நீ அப்படிப் பாக்கும்போது இப்பவே எனக்கு வந்துரும் போல இருக்கும்மா. வீட்டுலயும் அப்படித்தான் பாக்க. தூங்கும்போதும் வந்து நின்னு பாக்க, எனக்குத் தெரியும், நான் தூங்குற மாதிரி கிடப்பேன். மினுக்குனா நான் தரையைப் பாத்து நடந்துக்கிடுவேன், டாக்டர் என்கிட்டயும்தான் சொன்னாங்க. நீ கொஞ்ச நேரம் அங்கிட்டுத் திரும்பிக்கோ. நான் போய்ச் சேருற வரைக்கும். திரும்புமா. நான் முழங்கையை விடல. விரல் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. எட்டு வருஷமாப் பிடிச்ச பிடி. நான் வியாதிக்குப் பயந்தேன், சாமிக்குப் பயந்தேன், பாஸ்டருக்கும் புருஷனுக்கும் பயந்தேன், என் பிள்ளை எட்டு வருஷமா எனக்குப் பயந்துக்கிட்டுக் கிடந்திருக்கா. அது எனக்குத் தெரியாது. அவளே என் விரலை ஒண்ணொண்ணா எடுத்துவிட்டா. அவ கை சூடா, உறுதியா இருந்துச்சு.

திரும்பிட்டேன். வடக்குச் சுவரைப் பாத்து நிக்கேன், சுண்ணாம்புச் சுவரு, அதுலயும் சிவப்பும் பச்சையும் லேசா அடிச்சு அடிச்சுப் போவுது, இன்னும் அணைச்சபாடில்ல. ஜெபம் பண்ணணும். வாயைத் திறந்தா பழக்கதோஷத்துல ஒரு பேரம்தான் வருது, ஆண்டவரே, இதைக் காப்பாத்திக் குடுத்தா நான் இனிமேன்னு. இனிமே என்ன? எதை இறக்க, எதை நிறுத்த? வீட்டுல ஒண்ணும் மிச்சமில்ல. ஆண்டவரே, உமக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது. எதையும் விடுறேன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்குச் சும்மாதான் கேக்கேன். கேட்டுட்டு நிக்கேன். பின்னால கம்பு தரையில தட்டுற சத்தம் மட்டும் கேக்குது, டக், டக்னு தள்ளித் தள்ளிப் போவுது. ஒரு தரம் நின்னுச்சு. மறுபடியும் தட்டிச்சு. கழுத்து நரம்பு இழுத்து வலிக்குது, திரும்பு திரும்புங்குது. நான் திரும்பல.